காய்ந்த தரையில் ஒரு மஞ்சள் பலகை

தரை ஈரமாக இருந்தால்தான் அந்த மஞ்சள் பலகையை வைப்பார்கள். வழுக்கி விழுகிற ஒரு மனிதனின் படம், அவனுக்குக் கீழே 'கவனம்' என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். எந்தக் கட்டடத்திலும் பார்க்கலாம். ஆனால் இந்தப் பத்தொன்பது மாடிக் கட்டடத்தில், மாதத்துக்கு ஒரு நாள், வாசல் கூடத்து மூன்றாவது லிஃப்ட்டுக்குப் பக்கத்தில், பொட்டு ஈரமில்லாத தரையில் அது நிற்கும். காலையில் வேலைக்கு வரும் ஆயிரம் பேரும் அதைச் சுற்றிக்கொண்டு போவார்கள். நிஜமாகவே ஈரமா என்று குனிந்து தொட்டுப் பார்த்தவர் ஒருவர்கூட இல்லை. மனிதர்கள் அப்படித்தான், பலகை சொன்னால் சரி.

அது ஏன் அங்கே நிற்கிறது என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் அதை வைக்கிற செக்யூரிட்டி அண்ணன். இன்னொருத்தி பதினோராவது மாடியில் வேலை பார்க்கும் புள்ளி.

புள்ளி என்பது வீட்டில் வைத்த பெயரல்ல, ஆபீஸ் வைத்தது. அவள் பிரிவில் முப்பத்திரண்டு பேர், எல்லோருக்கும் ஒரே வேலை. மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்துச் செருகியிருக்கும் தாள் இருக்கிறதே, வாங்கியவர்கள் பிரித்துக்கூடப் பார்க்காமல் தூக்கிப் போடுகிற தாள், அது அச்சுக்குப் போகும் முன்னால் உட்கார்ந்து பிழை பார்ப்பது. அவள் சேர்ந்த மூன்றாம் மாதம், ஐந்து பேர் பார்த்துக் கையெழுத்துப் போட்டு முடித்த ஒரு தாளைத் திருப்பி அனுப்பினாள். குழந்தைகளுக்கான இருமல் மருந்து. 2.5 மில்லி என்று இருக்க வேண்டிய இடத்தில் 25 மில்லி என்று இருந்தது. விட்டுப்போனது ஒரு புள்ளிதான். அன்றைக்கு ஒட்டிக்கொண்டது அந்தப் பெயர். வந்த புதிதில் சிலர் கிண்டலாகத்தான் கூப்பிட்டார்கள். அவளுக்குக் கிண்டல் புரியவில்லை, பெயர் பிடித்துவிட்டது.

வயது முப்பத்தொன்பது. வளர்ந்தது சின்ன ஊர். சின்ன ஊரைப் பற்றி ஆளாளுக்கு உருகுவார்கள், அவளைக் கேட்டால் தெரியும். தெருவில் இறங்கினால் பத்து முகம், பத்து முகத்துக்கும் பத்துக் கேள்வி. ஏன் மூஞ்சியைப் பார்த்துப் பேச மாட்டேன் என்கிறாய், ஏன் கூப்பிட்டால் திரும்ப மாட்டேன் என்கிறாய், உனக்கு என்ன அவ்வளவு திமிர். இந்த மாநகரத்துக்கு வந்த முதல் நாள் ரயிலில் ஏறினாள். ஒரு பெட்டியில் இருநூறு பேர் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள், ஒருவர்கூட இன்னொருவர் முகத்தைப் பார்க்கவில்லை. சிலர் கைபேசியை, சிலர் கதவை, சிலர் தங்கள் செருப்பை. அடடா, முப்பது வருடம் தப்பான இடத்தில் இருந்திருக்கிறோமே என்று அவளுக்குத் தோன்றியது.

ஆனால் நகரத்துக்கு ஒரு குணம் உண்டு, அதற்கு வாயை மூடத் தெரியாது. புள்ளிக்குச் சத்தம் காதோடு நிற்பதில்லை. பல்லுக்குள் போகும், தோலுக்கு அடியில் போகும், கடைசியில் பேச்சைப் பிடுங்கிக்கொண்டு போகும். எதிர்பார்த்த சத்தம் என்றால் பரவாயில்லை. அவள் வழியில் மூன்றாவது வளைவில் ரயில் கிறீச்சிடும் என்று தெரியும், மூன்று விநாடிக்கு முன்னாலேயே காதைப் பொத்திக்கொள்வாள். தெருமுனையில் குடிநீர்க் குழாய்க்குத் தோண்டுகிறார்கள் என்றால் எத்தனை மணிக்கு ஆரம்பிப்பார்கள் என்று போய்க் கேட்டு வந்துவிடுவாள். சொல்லாமல் வருகிற சத்தம்தான் அவளுக்கு எமன். முப்பத்து மூன்றாம் வயதில் ஒரு டாக்டர் இதற்கு ஒரு பெயர் சொன்னார், ஆட்டிசம் என்று. கூட வந்த அக்கா அழுதாள். புள்ளிக்கு அழுகை வரவில்லை. பெயர் ஒட்டாத பாட்டிலுக்கு ஒருவழியாகச் சீட்டு ஒட்டியாகிவிட்டது என்று நிம்மதியாக இருந்தது.

அந்தக் கட்டடத்தில் மாதம் ஒருமுறை தீ ஒத்திகை உண்டு. பதினோரு மணிக்கு மணி அடிக்கும், எல்லோரும் படியில் இறங்கி வாசலுக்குப் போய் வரிசையாக நிற்க வேண்டும். எந்த நாள் என்று யாருக்கும் முன்னால் சொல்லக் கூடாது, அது விதி. மணி என்று சொல்கிறோமே தவிர அது மணியே அல்ல, கூரையில் பதித்த ஊதுகுழல், ஊளை. அவள் சேர்ந்த முதல் மாதம் அது ஊளையிட்டபோது மேசைக்கு அடியில் போனவள்தான், ஒத்திகை முடிந்து எல்லோரும் காப்பி குடித்துத் திரும்பி வந்த பிறகும் வெளியே வரவில்லை. இரண்டு மணி நேரம் பேச்சு வரவில்லை. மாடிக்கு ஆளெண்ணிக்கை பார்க்க வந்த செக்யூரிட்டி அண்ணன்தான் கண்டுபிடித்தார். தொட்டு எழுப்பவில்லை, என்ன ஏது என்று குடையவில்லை. சற்றுத் தள்ளித் தரையில் உட்கார்ந்துகொண்டார். வெகு நேரம் கழித்து அவள் சொன்ன முதல் வார்த்தை, "எப்போன்னு தெரிஞ்சா தாங்கிடுவேன்" என்பது.

"தெரிஞ்சா போதுமா?" என்றார் அவர்.

"போதும்."

லிஃப்ட்டை நிறுத்துகிற வேலை அவருடையது, அதனால் தேதி அவருக்கு மட்டும் முதல் நாளே தெரியும். அடுத்த மாதம் மூன்றாவது லிஃப்ட் பக்கத்தில் பலகை முளைத்தது. "வாயைத் தெறந்து சொன்னாதானே விதி மீறல்? நான் பலகைதானே வெக்கறேன்" என்று அவர் தனக்குத்தானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டார். கூடவே அவளிடம் ஒன்று சொல்லியிருந்தார். "இந்த போர்டு இல்லாம மணி அடிச்சா அது நெஜம்மா. அன்னிக்கு யாருக்காகவும் நிக்காதே, எறங்கிடு."

பலகை நிற்கிற நாளில் அவள் பத்து ஐம்பதுக்கு எழுந்து, அடித்தளத்தில் தண்ணீர் மோட்டார் இருக்கும் அறைக்குப் போவாள். இரும்புக் கதவு, கனத்த சுவர். மேலே உலகம் அலறினாலும் உள்ளே மோட்டார் ஒரே சுருதியில் 'ம்ம்ம்' என்று சொல்லிக்கொண்டிருக்கும். ஒரு காலி பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, சுவரில் முதுகைச் சாய்த்தால் அந்த 'ம்ம்ம்' எலும்பு வரைக்கும் இறங்கும். உலகத்தில் அவளுக்குப் பிடித்த இடங்களில் அது இரண்டாவது. முதலாவது அவளுடைய ஒற்றை அறை வீடு.

இப்படியே ஆறு வருடம் ஓடியது. இதில் ஒரு வேடிக்கை. கட்டடத்தில் மிக வேகமாகக் காலியாகிற மாடிக்கு வருடா வருடம் ஒரு கேடயம் கொடுப்பார்கள். ஆறு வருடமும் அதைத் தட்டிக்கொண்டு போனது பதினோராவது மாடிதான். நாலே நிமிடத்தில் புள்ளி தவிர மற்ற முப்பத்தோரு பேரும் வாசலில் நிற்பார்கள், அதுவும் ஷூ மாட்டி, கைப்பை மாட்டி, சாப்பாட்டு டப்பாவோடு. மற்ற மாடிக்காரர்கள் ஒற்றைச் செருப்போடு ஓடிவரும்போது இவர்கள் கல்யாணத்துக்குப் போகிறவர்கள்போல இறங்கி வருவார்கள். புள்ளி அதைப் பற்றி யோசித்ததே இல்லை. அவளுக்கு அது ஒருநாள் தற்செயலாகத்தான் தெரிந்தது.

வயிறு சரியில்லாத நாள் அது. பலகையெல்லாம் இல்லை. பத்து ஐம்பதுக்குக் கழிப்பறைக்கு எழுந்து போனாள். திரும்பி வந்து பார்த்தால் மாடி முழுவதும் எழுந்து நிற்கிறது. கணினி அணைந்திருக்கிறது, ஷூ மாட்டியாகிவிட்டது. பக்கத்து நாற்காலிக்காரி, நாள் முழுக்க எதையாவது கொறிப்பதால் பிஸ்கட் என்று பெயர் வாங்கியவள், ஒரு கையில் டப்பாவும் ஒரு கையில் குடையுமாகத் தயாராக நின்றாள்.

"என்னடி, நீ இங்க இருக்கே?" என்றாள் பிஸ்கட்.

"பாத்ரூம் போனேன்."

"அப்ப இன்னிக்கு இல்லையா?"

"எது?"

முப்பது முகங்கள் அசடு வழிந்தன. சூப்பர்வைசர் தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் ஆளாக ஷூவைக் கழற்றினார். அப்புறம் பிஸ்கட் உள்ளதைச் சொன்னாள். நாலைந்து வருடமாகவே இவர்கள் புள்ளியின் நாற்காலியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பத்து ஐம்பதுக்கு அது காலியானால் பதினோரு மணிக்கு ஒத்திகை, தவறியதே இல்லை. எப்படித் தெரிகிறதென்று யாரும் கேட்கவில்லை, கேட்டால் நின்றுபோய்விடுமோ என்று பயம். புள்ளி தன் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள். தான் யார் கண்ணிலும் படாமல் போய் வருகிறோம் என்றல்லவா நினைத்திருந்தாள். அதன் பிறகு வயிறு எப்படி இருந்தாலும் பலகை இல்லாத நாளில் பத்து ஐம்பதுக்கு எழுவதில்லை என்று வைத்துக்கொண்டாள்.

கேடயம் ஒரே மாடிக்குப் போவதைப் பார்த்துப் புதிதாக வந்த தீத்தடுப்பு அதிகாரிக்கு மூக்கில் வியர்த்தது. இளைஞர், மடிப்புக் கலையாத சட்டை, எதையும் விதிப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பார்க்கிறவர். யாரோ தேதியைக் கசிய விடுகிறார்கள், யாரென்று தெரிந்தால் அந்த ஆளுக்கு அன்றோடு வேலை இருக்காது என்று மாடி மாடியாகச் சொல்லிவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமை பதினோராவது மாடியில் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரிக்கப் போவதாகவும் சொன்னார்.

புள்ளிக்குப் பொய் சொல்ல வராது. நல்ல குணம் என்று நினைத்துவிட வேண்டாம், சிலருக்கு விசில் அடிக்க வராது இல்லையா, அதுபோல. இல்லாததை இருப்பதாகச் சொல்ல வாயெடுத்தால் வாய் பாதியில் நின்றுவிடும். கேட்டால் சொல்லிவிடுவாள், சொன்னால் அண்ணனுக்கு வேலை போகும், பலகை போகும். பலகை போனால் எந்த நாள் ஊளையிடும் என்று தெரியாமல் அந்த நாற்காலியில் அவளால் உட்கார முடியாது. அவள் வேலையும் போகும். வேலை போனால் ஒற்றை அறை வீடும் போகும், அக்கா வீட்டுக்குத்தான் போக வேண்டும். அக்கா வீட்டில் பாசம் அதிகம். தொலைக்காட்சி, இரண்டு பிள்ளைகள், மூன்று வேளை குக்கர் விசில், குருவி மாதிரிக் கூவுகிற அழைப்பு மணி. ஒரு வாரம் தங்கப் போனால் நாலாம் நாள் பேச்சு போய்விடும்.

அக்கா தினமும் மாலை ஏழு பத்துக்கு போன் செய்வாள். ஏழு பத்து என்றால் ஏழு பத்துதான், அந்த விஷயத்தில் அவள் தங்கம். புதன்கிழமை விஷயத்தைக் கேட்டதும் சொன்னாள்:

"இதுக்குப் போயா இப்படிக் கெடந்து மருகறே? தெரியாதுன்னு சொல்லிடு. நாலே எழுத்து."

"தெரியுமேக்கா."

"தெரியும்டி. தெரிஞ்சாலும் தெரியாதுன்னு சொல்லணும். ஊர்ல எல்லாரும் அதைத்தான் பண்றாங்க."

"எல்லாருமா?"

"எல்லாரும்தான். எங்க, நான்தான் அந்த ஆபீசர்னு வெச்சுக்கோ. ஏம்மா, ஒங்களுக்கு ஒத்திகை தேதி எப்படித் தெரியுது?"

"நீ ஆபீசர் இல்லையே."

"ஐயோ, சொல்லித் தொலையேண்டி!"

"தெரியாது," என்றாள் புள்ளி. அப்புறம் இரண்டு விநாடி கழித்து, "ஆனா தெரியும்."

அக்கா போனில் நீளமாக மூச்சு விட்டாள். பத்து தடவை ஒத்திகை பார்த்தார்கள். பத்து தடவையும் அந்த 'ஆனா' வந்து ஒட்டிக்கொண்டது. கடைசியில் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி விடு. எதுன்னாலும் நம்ம வீடு இருக்கு" என்றாள். புள்ளிக்கு அதைக் கேட்டுத்தான் அதிகம் பயமாக இருந்தது.

மறுநாள் வியாழன். பலகை இல்லை. இருமுறை பார்த்தாள், மூன்றாவது லிஃப்ட் பக்கத்தில் வெறும் தரை. ஒரு நாளாவது நிம்மதி என்று மேலே போய், இரத்த அழுத்த மாத்திரைத் தாள் ஒன்றை எடுத்து உட்கார்ந்தாள். பத்து நாற்பத்திரண்டுக்குக் கூரை ஊளையிட்டது.

காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றினாற்போல இருந்தது. எப்படி மேசைக்கு அடியில் போனாள் என்று அவளுக்கே தெரியாது. முழங்கால் மார்போடு, உள்ளங்கை காதோடு. கண்ணுக்கு நேரே மேசையின் அடிப்பலகையில் யாரோ எப்போதோ ஒட்டிய பப்பிள் கம். அதையே பார்த்தாள். மூளைக்குள் ஒரே ஒரு வரி ஓடிக்கொண்டிருந்தது, போர்டு இல்லை, போர்டு இல்லை.

மாடியில் யாரும் எழவில்லை.

"மணி பதினொண்ணுகூட ஆகலையே?" என்றது ஒரு குரல்.

"புள்ளி இருக்காளா பாரு."

பிஸ்கட் எட்டிப் பார்த்தாள். "இருக்கா, மேசைக்குக் கீழ. பை நாற்காலிலதான் இருக்கு."

"அப்ப ஒத்திகை இல்ல. ஏதோ ஒயர் கோளாறு. இந்தக் கட்டடத்துல லிஃப்டே ஒழுங்கா ஓடாது, மணி மட்டும் ஒழுங்கா அடிக்குமா?" என்றார் சூப்பர்வைசர். சிலர் சிரித்தார்கள். காதில் விரலை வைத்துக்கொண்டு ஒருத்தர் வேலையைத் தொடர்ந்தார். ஆறு வருடமாக மணி என்றால் ஒத்திகை, ஒத்திகை என்றால் புள்ளியின் நாற்காலி காலி. நாற்காலி காலியில்லை என்றால் ஒத்திகை இல்லை. கணக்கு சரியாகத்தான் இருந்தது. மணியைத் தீக்காகத்தான் வைத்திருக்கிறார்கள் என்பது மட்டும் முப்பத்தோரு பேருக்கும் மறந்துபோயிருந்தது.

புள்ளி கத்தப் பார்த்தாள். தீ என்கிற ஒரே எழுத்து. வாய் திறந்தது, காற்று வந்தது, சொல் வரவில்லை. கையை நீட்டிப் பிஸ்கட்டின் காலைப் பிடித்து இழுத்தாள். பிஸ்கட் நல்லவள், பயந்துபோயிருக்கிறாள் என்று நினைத்துக் குனிந்து அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள். "ஒண்ணுமில்லடா, இதோ நிறுத்திடுவாங்க." தொடுகையும் ஊளையும் சேர்ந்து புள்ளிக்குக் கண் இருட்டியது.

மேசைக்கு அடியில் ஓரளவு தாங்கலாம், படிக்கட்டில் தாங்க முடியாது. ஊதுகுழல்கள் படிக்கட்டில்தான் அதிகம், ஒவ்வொரு திருப்பத்திலும் ஒன்று, தலைக்கு ஒரு முழம் மேலே. அது அவளுக்குத் தெரியும். போர்டு இல்லாமல் அடித்தால் நெஜம், அதுவும் தெரியும். இவர்கள் எதைப் பார்த்து எழுவார்கள் என்று, வயிறு சரியில்லாத அந்த நாளிலிருந்து, அதுவும் தெரியும். இனி யாரும் அவள் சொல்லைக் கேட்கப் போவதில்லை, நாற்காலியைத்தான் கேட்பார்கள்.

அவள் வெளியே வந்தாள். ஒரு காதிலிருந்து கையை எடுக்க வேண்டியிருந்தது, எடுத்தாள், நாற்காலியிலிருந்து பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். பிறகு எழுந்து நின்று, நாற்காலியை மேசைக்குள் தள்ளிவிட்டு, நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் ஒரு விநாடி எதுவுமில்லை. அப்புறம் நாற்காலிகள் நகர்ந்தன.

"ஏய், புள்ளி கெளம்பிட்டா!"

"அப்ப ஒத்திகைதான். சொல்லாம வெச்சுட்டான் போல அந்த ஆபீசர். வாங்க வாங்க, கேடயம் போயிடப்போவுது!"

முப்பத்தோரு பேரும் ஷூ மாட்டிக்கொண்டு, டப்பாவை எடுத்துக்கொண்டு, பேசிச் சிரித்துக்கொண்டு அவள் பின்னால் இறங்கினார்கள். அவள் படிகளை எண்ணினாள். மாடிக்கு இருபத்திரண்டு படி, மொத்தம் இருநூற்று நாற்பத்திரண்டு. எண்ணிக்கையை விட்டால் விழுந்துவிடுவாள். ஒவ்வொரு திருப்பத்திலும் தலைக்கு மேல் ஊளை, ஒவ்வொரு தடவையும் கண்ணுக்குள் வெள்ளையாக எதுவோ வெடித்தது. பத்தாவது மாடிக் கதவில் நின்று வேடிக்கை பார்த்தவர்கள், கேடயக்காரர்களே இறங்குகிறார்கள் என்று தாங்களும் சேர்ந்துகொண்டார்கள். நாற்பத்து நாலாவது படியில், ஒன்பதாவது மாடியின் கதவிடுக்கிலிருந்து கறுப்பாகப் புகை வந்துகொண்டிருந்தது. பின்னால் சிரிப்பு நின்றுபோனது. யாரோ ஒரு டப்பாவைக் கீழே போட்டார்கள், அது ஏழாவது மாடி வரைக்கும் உருண்டது.

நாலாவது மாடித் திருப்பத்தில் செக்யூரிட்டி அண்ணன் மேலே ஓடிவந்துகொண்டிருந்தார். அவள்மேல் படாமலிருக்கச் சுவரோடு சுவராக ஒட்டி நின்று வழிவிட்டார். அவள் தாண்டியதும்தான் மற்றவர்களைப் பார்த்து, "ஓடுங்க, ஓடுங்க!" என்று கத்தினார்.

வாசலில் ஒரே கூட்டம். பிஸ்கட் அழுதாள், சூப்பர்வைசர் எல்லோரையும் கட்டிப்பிடித்தார், அவளைத் தேடி நாலு கைகள் வந்தன. அவள் விலகி விலகிப் போய், சாலையோரம் நின்ற தீயணைப்பு வண்டியின் மறுபக்கத்தை அடைந்தாள். வண்டி தண்ணீரை மேலே தள்ளிக்கொண்டிருந்தது. சைரன் அணைந்திருந்தது, உள்ளே பம்பு மட்டும் 'ம்ம்ம்' என்றது. அந்தச் சிவப்புத் தகட்டில் முதுகைச் சாய்த்து, அப்படியே சறுக்கி உட்கார்ந்தாள். ஒரு தீயணைப்பு வீரர் எட்டிப் பார்த்தார், ஏதோ கேட்டார், பதில் வராததைப் பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார். அன்றைக்கு அவளிடம் மிகச் சரியாக நடந்துகொண்ட மனிதர் அவர்தான்.

ஒன்பதாவது மாடி ஒயரிங் அறையில் பிடித்த தீ. புகை சுவர்க் குழாய் வழியாக ஏறிப் பதினோராவது மாடியைக் கால் மணி நேரத்தில் நிரப்பிவிட்டதாம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மாலை ஏழு பத்துக்கு அக்கா பேசினாள், இவள் போனைக் காதருகில் வைத்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். பேச்சு இன்னும் திரும்பவில்லை. அக்கா அரை மணி நேரம் தானாகவே பேசிவிட்டு வைத்தாள்.

வெள்ளிக்கிழமை விசாரணை நடந்தது, ஆனால் கட்டடம் பூட்டியிருந்ததால் எதிர்ச்சாரி வங்கியின் கூட்ட அறையில். அதிகாரி சட்டையில் முதல்முறையாகச் சுருக்கம். வாசலில் செக்யூரிட்டி அண்ணன் நின்றிருந்தார்.

"ஒங்க மாடிதான் மொதல்ல எறங்கியிருக்கு. நீங்கதான் மொத ஆள். இது நெஜமான தீன்னு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டார் அதிகாரி.

சுலபமாகத் தப்பித்துவிடக்கூடிய கேள்வியாகத்தான் இருந்தது. புகை வாசனை வந்தது என்று வேறு யாராவது சொல்லியிருப்பார்கள். புள்ளி மேசை விளிம்பைப் பார்த்தபடி சொன்னாள்:

"போர்டு இல்ல."

"என்ன போர்டு?"

சொன்னாள். மூன்றாவது லிஃப்ட், மஞ்சள் பலகை, பத்து ஐம்பது, மோட்டார் அறை, வயிறு சரியில்லாத நாள், நாற்காலி, எதையும் விடவில்லை. வரிசை மாறாமல், தேதி தவறாமல். வாசலில் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். சொல்லி முடித்ததும் அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது, அவ்வளவு வெறுப்பு அதற்கு முன் வந்ததேயில்லை.

அதிகாரி வெகு நேரம் எழுதினார். "அந்த போர்டு வழக்கம் இல்லாம இருந்தா நேத்து என்ன பண்ணியிருப்பீங்க?"

"மேசைக்கு அடியிலயே இருந்திருப்பேன். நெஜமா, ஒத்திகையான்னு தெரிஞ்சிருக்காது."

"மத்தவங்க?"

"மணி அடிச்சதும் அவங்களே எறங்கியிருப்பாங்க. என் நாற்காலியைப் பாத்துதான் உக்காந்திருந்தாங்க."

அதிகாரி நிமிர்ந்தார். தன் தரப்புக்குக் குழி தோண்டுகிற சாட்சியை அவர் அதுவரை பார்த்ததில்லை போலும்.

"அவரை என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள் புள்ளி.

"விதிப்படி பண்ணுவேன்."

"அந்த விதியில பிழை இருக்கு," என்றாள். வாசலில் அண்ணன் கண்ணைத் திறந்தார். "எல்லாருக்கும் ஒரே அளவுன்னு போட்டிருக்கு. அப்படி எந்த மருந்துத் தாள்லயும் போட மாட்டோம். யாரெல்லாம் மருந்தை எடுக்கறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட சொல்லணும்னு ஒரு வரி வரும். அந்த வரி விட்டுப்போயிருக்கு."

அதிகாரி அடுத்த ஆளைக் கூப்பிட்டார். ஏழு பத்துக்கு அக்கா கேட்டாள், "சொல்லிட்டியா?" "சொல்லிட்டேன்." அக்காவுக்குப் பின்னால் குக்கர் விசில் அடித்தது. "சரி, மாடி ரூமைக் காலி பண்ணி வெக்கறேன்," என்றாள் அக்கா.

மூன்று வாரம் கழித்துக் கட்டடம் திறந்தது. மூன்றாவது லிஃப்ட் பக்கத்தில் பலகை இல்லை, வாசலில் அண்ணனும் இல்லை. அங்கே ஒரு புது ஆள் நின்றார். புள்ளி மேலே போய், ராஜினாமாக் கடிதத்தை எழுதி, இருமுறை பிழை பார்த்து, இழுப்பறையில் வைத்தாள். நாலாம் நாள் சுற்றறிக்கை ஒன்று வந்தது. ஒத்திகை நாளை முன்கூட்டித் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் காரணம் சொல்லாமலே பெயர் கொடுக்கலாம், முதல் நாள் தனியாகச் செய்தி வரும். கையெழுத்து, தீத்தடுப்பு அதிகாரி. அதில் இரண்டு எழுத்துப்பிழைகள் இருந்தன. திருத்தித் திருப்பி அனுப்பினாள், கீழே தன் பெயரையும் எழுதி. பிறகு தானே ஒரு தாள் அச்சடித்து, எட்டாக மடித்து, மாடியில் ஒவ்வொரு மேசையிலும் வைத்தாள். 'மணி அடித்தால் எழுந்திருக்கவும். நான் நாற்காலியில் இருந்தாலும் எழுந்திருக்கவும். இல்லாவிட்டாலும் எழுந்திருக்கவும்.' வழக்கம்போலப் பாதிப் பேர் பிரித்துப் பார்க்கவில்லை. பிஸ்கட் மட்டும் அதைத் தன் கணினி ஓரத்தில் ஒட்டி வைத்தாள்.

ஒத்திகை நாள் செய்தி வந்தது, மணி அடிக்கும்போது அடித்தளத்தில் இருக்கலாம் என்றும் அதில் இருந்தது. பத்து ஐம்பதுக்கு அடித்தளத்துக்கு இறங்கினாள். மோட்டார் அறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார் செக்யூரிட்டி அண்ணன். வேலை போகவில்லை, வாசல் கூடம் போயிருந்தது. இனி அவருக்கு இந்த வெளிச்சமில்லாத அடித்தளம்தான்.

"என்னாலதான் அண்ணே," என்றாள் அவள்.

"ஆமா," என்றார் அவர். "உள்ள போ, மணி ஆவுது."

இரும்புக் கதவைத் தள்ளினாள். உள்ளே ஏழு பேர் இருந்தார்கள். ஒருத்தரையும் அவளுக்குத் தெரியாது. வயிற்றைத் தாங்கிப் பிடித்தபடி ஒரு கர்ப்பிணி, கழுத்துப் பட்டையோடு ஒருவர், கையிலிருந்த ரப்பர் வளையத்தை விடாமல் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு பெண். பெரிய மீசை வைத்த ஒரு மனிதர், பதினைந்தாவது மாடி அடையாள அட்டையோடு, காதைப் பொத்தியபடி அவளுடைய பெயின்ட் டப்பாவில் உட்கார்ந்திருந்தார். ஆளுக்கொரு திசையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூட இன்னொருவர் முகத்தைப் பார்க்கவில்லை. இத்தனை வருடமும் ஒவ்வொரு மாதமும் இவர்கள் எந்தெந்த மேசைக்கு அடியில் இருந்தார்கள் என்று யோசித்தபோது அவளுக்கு அழுகை வந்தது, டாக்டர் பெயர் சொன்ன அன்று வராத அழுகை.

மேலே எங்கோ மணி அடித்தது, இங்கே அது தூரத்துக் கொசு. மோட்டார் 'ம்ம்ம்' என்றது. மீசைக்காரர் யாரையும் பார்க்காமல் டப்பாவைச் சற்று நகர்த்தி, சுவரோரம் ஒரு ஆளுக்கு இடம் விட்டார். அங்கே அந்த மஞ்சள் பலகை நின்றுகொண்டிருந்தது, அண்ணன் வாசலைக் காலி செய்தபோது கூடவே எடுத்துவந்திருக்கிறார். புள்ளி உட்காரப் போனவள் ஒரு விநாடி யோசித்து, குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்தாள். மோட்டார் ஒழுகிக்கொண்டிருந்தது. ஈரமாகத்தான் இருந்தது.